கம்பத்துக் கோழிச் சீக்கு: ஒரு வீட்டார் மட்டும் மருந்து போட்டால் ஏன் போதாது?

பொழுது சாயும் நேரத்தில் ரந்தாவ், லிங்கி, பஹாவ், ரொம்பின் என நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். கையில் ஒரு டின் நிறைய நொய்யரிசி. ‘பா... பா... பா...’ என்று ஒரு குரல். செம்பனை மரத்தடியிலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் கோழிகள் ஓடி வரும். தலைக்கணக்கு எடுத்த பிறகே கூண்டின் கதவு சாத்தப்படும்.

கணக்கில் ஒன்று குறைந்தால் மூசாங்கின் மீது பழி விழும். இரண்டு குறைந்தால் மலைப்பாம்பின் மீது. ஆனால் கூண்டுக்குள்ளேயே ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால் வளர்ப்பவர்களுக்கு வயிறு கலங்கிவிடும். மறுநாள் இரண்டு மூன்று சாகும். ஒரு வாரத்தில் கூண்டு காலியாகும். அதற்குள் பக்கத்து வீட்டுக் கோழி தூங்கி விழத் தொடங்கியிருக்கும்.

தோட்டங்களில் இதைச் ‘சீக்கு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மலாய்க் கம்பங்களில் ‘சம்பார் ஆயாம்’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்குப் பெயர் வெள்ளைக் கழிச்சல். கால்நடை மருத்துவ நூல்களில் நியூகாசல் நோய். பெயர்கள் எத்தனை இருந்தாலும் நோய் ஒன்றுதான். தடுப்பு மருந்து போடாத கோழிக் கூட்டத்தில் கடுமையான வகைக் கிருமி புகுந்துவிட்டால், ஏறக்குறைய எல்லாக் கோழிகளையும் கொண்டுபோய்விடும்.

இதற்கு மருந்தே இல்லையா என்பது கோழி வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் அதிகம் கேட்டுக்கொள்ளும் கேள்வி. வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து இல்லை. வருமுன் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதில் ஒன்றை உருவாக்கியவர்களும் நமக்கு அருகிலேயே, சிலாங்கூர் செர்டாங்கில் இருந்தவர்கள்தான். இருந்தும் லயத்துக் கோழிகள் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. அதற்கான காரணத்தைப் பல நேரங்களில் கிருமியிடம் தேடுவதைவிட, நாம் கோழி வளர்க்கும் முறையில் தேடுவதே சரியாக இருக்கும்.

பாரிட் புந்தாரிலிருந்து லயம் வரை

1926-இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரப் பக்கத்தில் கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தன. அதனால் அந்த ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஜாவாவிலும் இந்த நோய் பதிவானது. இந்தியாவில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் அங்கே இன்றும் ராணிக்கேத் நோய் என்றே எழுதுகிறார்கள். மலாயாவில் 1934-இல் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தாரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அப்படியென்றால் இந்த நாட்டில் இந்தச் சீக்குக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. தாத்தா, பாட்டி காலத்தில் ‘காற்று மாறினால் கோழி சாகும்’ என்று சொன்ன அதே சாவுதான் இது.

காற்று மாறுவதால் கோழி சாவதில்லை. நோயுற்ற கோழியின் எச்சம், மூக்கு நீர், மூச்சு ஆகியவற்றில் கிருமி இருக்கிறது. அது காலணியில் ஒட்டும், கூண்டில் ஒட்டும், முட்டை அடுக்கும் அட்டையில் ஒட்டும். சந்தையில் வாங்கிய சேவலோடு வரும். செத்த கோழியைச் சுத்தம் செய்து இறகையும் குடலையும் கால்வாயில் எறிந்தால் அதைக் கொத்த வரும் கோழிகளுக்கும் போகும். உடம்பில் புகுந்த பிறகு அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும்.

முதலில் தீனி எடுக்காது. பிறகு வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கும், சிலவற்றுக்குக் காலும் இறக்கையும் இழுத்துக்கொள்ளும். முட்டையிடும் பெட்டை ஓடு இல்லாத தோல் முட்டை போடும். சில நேரங்களில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே காலையில் செத்துக் கிடக்கும்.

இந்த இடத்தில் கைவைத்தியம் பற்றிப் பேசியாக வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பது நம்மவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். கொடுப்பதில் தவறில்லை. லேசாகச் சோர்ந்த கோழிக்கு அது தெம்பு தரலாம். அதை நம்பிக்கொண்டு தடுப்பு மருந்து போடாமல் இருப்பதுதான் ஆபத்து. மனிதர்கள் சாப்பிடும் ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. இந்த நோய்க்குக் காரணம் வைரஸ், ஆண்டிபயாடிக்கோ பாக்டீரியாவுக்கான மருந்து. கொடுத்த கோழிகளில் ஒன்றிரண்டு பிழைத்தால் ‘அந்த மருந்து கேட்டது’ என்று செய்தி லயம் முழுக்கப் பரவிவிடும். அந்தக் கோழிகள் மருந்து இல்லாமலும் பிழைத்திருக்கும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆயிரம் கோழிக்கு ஒரு குப்பி, வீட்டில் பதினைந்து கோழி

நியூகாசல் நோய்க்கான தடுப்பு மருந்து புதிதல்ல. ஈப்போவில் 1948-இல் அமைக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகமே இதைத் தயாரித்து வந்திருக்கிறது. பெரிய பண்ணைகளில் இது அன்றாட வேலை. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே வயதில் இருக்கும், ஒரே நாளில் மருந்து கொடுத்து முடித்துவிடுவார்கள்.

லயத்து நிலைமை வேறு. மருந்து நூறு கோழிக்கு, ஐந்நூறு கோழிக்கு, ஆயிரம் கோழிக்கு என்ற அளவில் குப்பியில் வருகிறது. அது உலர்த்திய தூள். குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். நீர்மத்தில் கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த வாரம் போடலாம் என்று நினைப்பது வீண். கிருமி உயிரோடு இருந்தால்தான் மருந்து வேலை செய்யும், அது செத்துவிட்டால் கோழிக்குப் போடுவது வெறும் தண்ணீர்.

பதினைந்து கோழி வைத்திருக்கும் ஒரு குடும்பம், பட்டணத்துக்குப் பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ போய், ஆயிரம் கோழிக்கான குப்பியை வாங்கி, ஐஸ் இல்லாமல் வெயிலில் கொண்டுவந்து, பதினைந்து சொட்டுப் போட்டுவிட்டு மீதியைக் கொட்டினால் என்ன ஆகும்? காசும் வீண், மருந்தும் வழியிலேயே பாதி செத்திருக்கும். மூன்று வாரம் கழித்துக் கோழி சாகும்போது ‘ஊசி போட்டும் செத்தது’ என்று சொல்வார்கள். அடுத்த முறை யாரும் போட மாட்டார்கள். தோட்டப்புறங்களில் தடுப்பு மருந்து மீது நம்பிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கலைத்தான் 1980-களில் செர்டாங்கிலிருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் கையிலெடுத்தது. இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் அதுதான். நீலாயிலிருந்து அரை மணி நேரப் பயணம். பேராசிரியர்கள் அப்துல் லத்திஃப் இப்ராஹிம், ஐனி இடரிஸ் ஆகியோரும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்ப்ராட்புரோவும் இதில் சேர்ந்து பணியாற்றினர். ஆஸ்திரேலிய அரசின் அனைத்துலக விவசாய ஆராய்ச்சி நிலையம் உதவியது.

அவர்கள் எடுத்துக்கொண்டது வி4 என்ற கிருமி. 1966-இல் குவீன்ஸ்லாந்தில் நலமாக இருந்த கோழிகளிடமிருந்தே எடுக்கப்பட்டது. நியூகாசல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் கோழிக்கு நோய் தராது. உடம்பில் புகுந்தால் கடுமையான கிருமியை எதிர்க்கும் சக்தியை மட்டும் உண்டாக்கும். செர்டாங் ஆய்வுக்கூடத்தில் அதைச் சூடுபடுத்தி, சூட்டைத் தாங்கி நின்றதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். அப்படிக் கிடைத்த மருந்து நம் ஊர் வெயிலில், குளிர்பெட்டி இல்லாமலேயே வாரக்கணக்கில் கெடாமல் இருந்தது.

அடுத்த யோசனை அதைவிட எளிமையானது. கம்பத்துக் கோழியைப் பகலில் பிடிப்பது லேசான காரியமல்ல. துரத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிடிக்காமலே கொடுக்க முடியுமா? தீனியின் மீது மருந்தைப் பூசி, மாலையில் நொய் வீசுவது போல வீசினார்கள். கோழிகள் கொத்தித் தின்றன. மருந்து உள்ளே போனது. இந்த ஆய்வுகளின் தொகுப்பு 1987-இல் நூலாக வந்தது. 1991 அக்டோபரில் கோலாலம்பூரில் இதற்காகவே ஓர் அனைத்துலகப் பட்டறையும் நடந்தது.

தீனி வழியாகக் கொடுத்தால் எல்லாக் கோழிக்கும் ஒரே அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பதையும் அந்த ஆய்வுகளே காட்டின. வலுத்த சேவல் அதிகம் கொத்தும், ஒதுங்கி நிற்கும் குஞ்சுக்கு ஒன்றும் கிடைக்காது. கண்ணில் சொட்டு விடுவதே கூடுதல் பலன் தரும். ஆனால் ஒன்றுமே கொடுக்காத கூட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது.

இந்த யோசனை எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். இதே வழியில் ஆஸ்திரேலியாவில் பிறகு உருவான ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் மருந்து மொசாம்பிக், தன்சானியா, வியட்நாம் எனப் பல நாடுகளின் கிராமங்களுக்குப் போனது. மின்சாரமே எட்டாத ஊர்களில் பெண்கள் வீடு வீடாகச் சென்று கோழிக்குக் கண் சொட்டு விடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 என்ற கிருமி வகையைக் கொண்டு, நாட்டுக்கோழிகளுக்குத் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தை உருவாக்கியது. செர்டாங்கில் நொய்யோடு வீசிப் பார்த்த அதே எண்ணம்.

பத்து வீட்டுக் கோழியல்ல, ஒரே கூட்டம்

தோட்டத்தில் வேலி கிடையாது. முதல் வீட்டுச் சேவல் கடைசி வீட்டுக் குப்பைமேட்டில் மேயும். நடுவீட்டுப் பெட்டை பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகையில் முட்டையிடும், அதனால் சண்டையும் வரும். கோழிக்குச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருக்கலாம். கிருமியின் கணக்கில் அது ஒரே கூட்டம்தான்.

ஒரு வீட்டார் பொறுப்பாக மருந்து போட்டாலும் மற்ற ஒன்பது வீட்டுக் கோழிகளில் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். மருந்து போட்ட வீட்டிலும் மாதந்தோறும் புதுக் குஞ்சு பொரிக்கிறது. ஒரு பெட்டை பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை அடைகாத்து 21 நாளில் குஞ்சு இறக்கும். மருந்து போட்ட தாயின் குஞ்சுக்கு முதல் ஓரிரு வாரம் தாய்வழிப் பாதுகாப்பு இருக்கும். பிறகு அது வெறுங்கையோடு நிற்கும். நோய் அடுத்துப் பிடிப்பது அதைத்தான்.

எனவே ஆயிரம் கோழிக்கான குப்பி என்பது தொல்லையாகத் தெரிந்தாலும், லயம் முழுவதும் சேர்ந்தால் அதுவே வசதி. பத்து வீட்டார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு குப்பி வாங்கினால் ஒரு கோழிக்கு ஆகும் செலவு சில காசுதான். ஒருவர் ஐஸ் பெட்டியோடு போய் வாங்கி வரலாம். கோழி எல்லாம் கூண்டில் அடைந்திருக்கும் விடியற்காலையில், கதவைத் திறப்பதற்கு முன்பே போட்டு முடிக்கலாம். துரத்த வேண்டியதில்லை.

போடும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. தலையைச் சாய்த்துப் பிடித்து ஒரு கண்ணில் ஒரு சொட்டு. கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை விடக்கூடாது. குடிநீரில் கலந்து கொடுப்பதானால் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்று நீர் அல்லது மழைநீர் நல்லது. ஏற்கெனவே சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போட்டுப் பயனில்லை. போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, ஓரிரு வாரம் வேண்டும். திறந்து மேயும் கோழிகளுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் போடுவது நல்லது. எந்த வயதுக்கு எந்த வகை மருந்து என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குஞ்சுக்கானது வேறு, வளர்ந்த கோழிக்கு ஊசியில் போடும் கடுமையான வகை வேறு. மாற்றிப் போட்டால் குஞ்சு தாங்காது.

அவசரமாக விற்றால் நடப்பது

முதல் கோழி செத்ததும் பல வீடுகளில் எடுக்கும் முடிவு ஒன்றுதான். ‘மீதியும் சாவதற்குள் விற்றுவிடு.’ குடும்பத்தின் நட்டம் என்று பார்த்தால் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. கோழிக்கான விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் 1-இலும், முட்டைக்கான அரசு மானியம் 2025 ஆகஸ்ட் 1-இலும் நீங்கிய பிறகு, வீட்டுக் கோழிக்கும் முட்டைக்கும் குடும்பக் கணக்கில் இருந்த இடம் இன்னும் பெரிதாகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறு, தீபாவளிக் கறி, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று காசாகக் கணக்கிட முடியாதவையும் உண்டு.

ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழிக்குள் கிருமி ஏற்கெனவே புகுந்திருக்கலாம். அது விற்கப்பட்ட இடத்தில் அடுத்த சீக்கைத் தொடங்கி வைக்கும்.

இதன் விலை என்ன என்பதை நெகிரி செம்பிலான் மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அது கோழி நோயல்ல, பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நீப்பா. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் ஆரம்பித்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை மலிவாக விற்றார்கள். லாரி ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே வந்தது. டிசம்பரில் சிரம்பான் அருகே சிக்காமாட்டில் தெரிந்தது, பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தின் சுங்கை நீப்பா, புக்கிட் பெலண்டோக் பகுதிகளில் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்துக் கண்டறிந்தார். நம் மாநிலத்துச் சிற்றூரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தனர். சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. புக்கிட் பெலண்டோக்கில் பன்றி வளர்ப்பே முடிவுக்கு வந்தது.

நியூகாசல் நோய் மனிதர்களை அப்படித் தாக்குவதில்லை. நோயுற்ற கோழியைக் கையாள்பவருக்குக் கண் சிவந்து உறுத்தலாம், அவ்வளவுதான். கவலைக்குரியது வேறொன்று. கூட்டமாகச் சாகும் கோழிகளைப் பார்த்து இது நியூகாசலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவர்களாலேயே ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

எச்5என்1 பறவைக் காய்ச்சல் மலேசியாவில் முதன்முதலாக 2004 ஆகஸ்டில் கிளந்தானின் பாசிர் பெக்கானில் தெரிந்தது. எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள்மீது சந்தேகம் விழுந்தது. 2007 ஜூனில் சிலாங்கூர் சுங்கை பூலோ அருகே பாயா ஜாராஸ் ஹிலிர் கம்பத்தில் தெரிந்தபோது அதில் மாட்டியவையும் வீட்டுப் புறக்கடைக் கோழிகள்தான், பெரிய பண்ணைக் கோழிகள் அல்ல. முதல் சில கோழிகள் செத்தபோதே தகவல் போனால் கட்டுப்படுத்துவது எளிது. அடித்துச் சமைத்து, மீதியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிய பிறகு தகவல் போனால் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடவே நாளாகும்.

ஆகவே ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழிகள் காரணம் தெரியாமல் செத்தால் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்ல வேண்டும். செத்ததை வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். சோதனைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கலாம். கால்வாயில் வீசினால் கீழே இருக்கும் லயத்துக்கு நோயை அனுப்பி வைத்ததாகிவிடும். ‘சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள்’ என்ற பயம் மக்களிடம் உண்டு. பறவைக் காய்ச்சல் உறுதியானால் சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்படுவது உண்மைதான். ஆனால் சீக்கு என்றால் பெரும்பாலும் அது நியூகாசலாகவோ அதைவிடச் சின்னதாகவோதான் இருக்கும். பயந்து மறைப்பதால் கோழி பிழைப்பதில்லை.

புதிதாக வாங்கிய கோழியை நேரே கூட்டத்தில் விடுவதும் இதே வகைத் தவறுதான். இரண்டு வாரம் தனிக்கூண்டில், தனித் தண்ணீர்த் தட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். தினமும் அதற்குக் கடைசியாகத் தீனி வைத்துவிட்டுக் கை, கால் கழுவ வேண்டும். சண்டைச் சேவலை அங்குமிங்கும் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு இது பிடிக்காது. சேவல் சண்டை சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, ஊர் ஊராகப் போய் வரும் சேவலைவிட வேகமாக நோயைச் சுமப்பது வேறொன்றில்லை.

எல்லாச் சாவும் சீக்கு அல்ல

கொண்டையிலும் கண் ஓரத்திலும் கறுப்பாகக் கொப்புளம் கட்டினால் அது அம்மை. கொசு பரப்புவது. அதற்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு, இறக்கைச் சவ்வில் குத்திப் போடுவார்கள். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது இரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் வளரும் ஒட்டுண்ணியால் வருவது, சரியான மருந்து கிடைத்தால் குணமாகும். கூண்டுத் தரை காய்ந்திருந்தாலே பாதி குறையும்.

தோட்டத்துக்கே உரிய சாவுகளும் உண்டு. செம்பனையில் எலிக்கு மெழுகுக் கட்டி போல விஷம் வைப்பார்கள். வைக்கும் நாளை மண்டோரிடமோ கங்காணியிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் கோழி போகாமல் அடைத்து வைப்பது நல்லது. சில தோட்டங்கள் எலி பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கின்றன. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அதன் சாப்பாடு எலி. களைக்கு மருந்து அடித்த இடத்திலும் சில நாள் மேயவிடக் கூடாது. கடும் நச்சான பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கேன்கள் எங்காவது கிடந்தால் அவற்றைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க வெட்டிப் பயன்படுத்தும் பழக்கம் அறவே வேண்டாம்.

மூசாங் தொல்லைக்கு நல்ல கூண்டுதான் பதில். அது நேற்று வந்த தொல்லையும் அல்ல. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டு ஒன்றில், மாலையில் வேலியோரம் காட்டுப்பூனை வரக்கண்டு வீட்டுப் பெட்டைக்கோழி பதறித் தன் குஞ்சுகளை அழைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் லயத்தில் அதே நேரத்தில் அதே சத்தம் கேட்கிறது. கூண்டைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, விரல் நுழையாத கம்பிவலை அடித்தால் மூசாங், மலைப்பாம்பு, எலி மூன்றுமே நுழையாது. எச்சமும் கீழே விழுந்துவிடும், கோழி அதை மிதிக்காது.

தீனி விஷயத்தில் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் தீவனம். நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் புரதம் உண்டு. நார் அதிகம் என்பதால் முழுத் தீனியாகக் கொடுக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் நொய், சோளத்தோடு கலக்கலாம். பூஞ்சணம் பிடித்த சோளமும் கடலைப் பிண்ணாக்கும் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

நீலாய், லாபு பக்கங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனவர்களில் பலர் நான்கு கோழிகளையாவது கூடவே கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அங்கே ஊராட்சி மன்ற விதிகள் உண்டு, பக்கத்து வீட்டாரின் புகாரும் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்று நிச்சயம்: தாமானில் நான்கு கோழி வைத்திருப்பவருக்கு ஆயிரம் கோழிக்கான குப்பி இன்னும் பெரிய சிக்கல். லயத்தில் இன்னும் இருக்கும் சொந்தக்காரர்களோடு ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வதே அவர்களுக்கு வழி.

அந்த நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஆண்டில் கோழிகள் அதிகமாக இடம் மாறுவது தீபாவளியை ஒட்டித்தான். கூண்டுக் கூண்டாக மோட்டார் சைக்கிளில் போகும், வரும். மருந்து பிடிக்க இரண்டு வாரம் வேண்டும். எனவே லயத்தார் எல்லாரும் சேர்ந்து போடுவதென்றால் பண்டிகைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே, கோழி வாங்க வருபவர்களின் முதல் மோட்டார் சைக்கிள் தோட்டத்துக்குள் நுழையும் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.